அரைப் பவுன் நாற்காலி

வாங்க மேடம், வாங்க. செருப்பை உள்ளேயே ஓரமா விடுங்க, வெளியே விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். நீங்கதானே போன்ல பேசினவங்க? எம் மகன் வைரவன்கிட்ட பேசியிருப்பீங்க. அவன்தான் நாற்காலியைப் படம் புடிச்சு, விற்பனைக்குன்னு நெட்ல போட்டிருக்கான். எனக்கு நேத்துச் சாயந்திரந்தான் தெரியும். அதுவும் அவன் வாயைத் திறக்கலை, மருமக சொன்னா.

முதல்லயே சொல்லிர்றேன், அப்புறம் இம்புட்டு தூரம் வரவச்சு ஏமாத்திட்டாளேன்னு திட்டக்கூடாது. இது விக்கிறதுக்கு இல்லை. என் காசு, என் நாற்காலி, என்னைக் கேக்காம போட்ட விளம்பரம். நீங்க அண்ணாநகர்ல இருந்து இந்த வெயில்ல வந்திருக்கீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்லை. ஒரு காப்பி குடிச்சுட்டுப் போங்க. அட, ஏன் நிக்கிறீங்க, உட்காருங்க. அதுலதான் மேடம், வேற எதுல உட்காரப் போறீங்க? இந்த வீட்ல இது ஒண்ணு, அப்புறம் அந்த பிளாஸ்டிக் ஸ்டூலு. இருங்க, இந்தப் பாலித்தீன் கவரை உருவிர்றேன். கவரோட பார்த்தா கலர் தெரியாது.

ம், இப்பப் பாருங்க. பிரவுன்னு போட்டிருப்பான் அந்தப் பய. பிரவுன் இல்லை இது. போன வருஷத்துப் புளி இருக்குல்ல, பானையில கிடந்து கறுத்த புளி, அந்தக் கலரு. வெளிச்சத்துல லேசா ஒரு சிவப்பு ஓடும். கையை வச்சுப் பாருங்க. ரெக்சின் இல்லை, துணி. வேர்வை ஒட்டாது. வலது பக்கம் கீழே கைப்பிடி இருக்கு, இழுங்க. இன்னும் நல்லா இழுங்க, கவுந்திராது. பாத்தீங்களா, காலைத் தூக்கிக் குடுக்குது! இப்ப முதுகை அழுத்துங்க, சாயும். பல் டாக்டர்கிட்ட ஒண்ணு இருக்குமே, அந்த மாதிரி. ஆனா வலி இல்லாம.

நான் நிக்கிறேன், பரவாயில்லை. எனக்கு நின்னாத்தான் பேச்சே வரும்.

எம் பேரு இந்திராணி. இந்த மதுரையில ஒரு பெரிய ஜவுளிக்கடை, பேரு வேணாம், அங்கே இருபத்தாறு வருஷம் வேலை பாத்தேன். சேலை செக்‌ஷன் இல்லை. மேட்சிங் கவுண்டர். பிளவுஸ் பிட்டு. மாடியில ஒரு பட்டுச் சேலையை எடுத்துட்டு, அதுக்குப் பொருத்தமா துணி வேணும்னு கீழே எங்ககிட்டதான் வருவாங்க. நீங்க இப்பக் கட்டியிருக்கீங்களே, இதுக்கு யார் எடுத்துக் குடுத்தது? தப்பா எடுத்துக்காதீங்க, அரை ஷேடு தள்ளியிருக்கு. சேலையில ஓடுறது கத்தரிப்பூ, நீங்க போட்டிருக்கிறது நாவப்பழம். வீட்டு லைட்ல தெரியாது, வெயில்ல வந்தா காட்டிக் குடுத்துரும். நான் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்.

அந்த இருபத்தாறு வருஷமும் நின்னேன் மேடம். காலையில ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னாடி போனா, சாப்பிட அரைமணி நேரம் விடுவாங்க, அம்புட்டுத்தான். தீபாவளி நேரத்துல அந்த அரைமணி கால்மணி ஆயிரும். பார்ட்டி, அதான் துணி எடுக்க வர்றவங்க, நிக்கும்போது நாம உட்காரக்கூடாது. பார்ட்டி இல்லாதப்ப உட்காரலாமான்னா, அப்பவும் கூடாது. பார்ட்டி வர்றப்ப நாம உட்கார்ந்திருந்தா அவங்களுக்கு அவமரியாதையாம். இந்தா பாருங்க காலை. பாருங்க, கூச்சப்படாதீங்க. கெண்டைக்கால்ல நரம்பு எப்படிச் சுருட்டிக்கிட்டு நிக்குது. ராத்திரி பூரா இழுக்கும். டாக்டரம்மா சொல்லுது, காலைத் தூக்கி வச்சு உட்காருங்கன்னு. எங்கே தூக்கி வைக்கிறது? அதுக்குத்தான் இது.

இதுக்கு என்ன பேச்சு, என்ன ஏச்சுங்கிறீங்க! கடையை விட்டப்ப வந்த பி.எஃப். காசுல வாங்கினேன். அரைப் பவுன் விலைதான் மேடம் இது. அந்தக் காசுக்கு நான் அரைப் பவுன்ல ஒரு மோதிரம் வாங்கிப் பீரோவுக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருந்தா, இந்திராணி கெட்டிக்காரின்னிருப்பாங்க. நாற்காலி வாங்கினேன், ஊதாரின்னுட்டாங்க. எங்க நாத்தனா வாசல்ல நின்னே கேக்குறா, "என்ன மதினி, வயசான காலத்துல மகாராணியாட்டம் சோபா கேக்குதாக்கும்?"னு. ஆமா, கேக்குது, அதுக்கென்னங்கிறேன்? அவ மக கல்யாணத்துக்கு எடுத்த பட்டு என்ன விலைன்னு எனக்குத் தெரியும், பிளவுஸ் வெட்டிக் குடுத்தவ நானு. முகூர்த்தத்துல மூணு மணி நேரம் கட்டுனா, இப்ப அது பாச்சா உருண்டையோட தூங்குது. அதை எவனும் ஆடம்பரம்னு சொல்லலை. என் இடுப்புக்கும் காலுக்கும் ஒண்ணு வாங்கினா மட்டும் ஆடம்பரமா? இருக்கட்டுமே! ஆடம்பரமாவே இருக்கட்டும். நான் ஆடம்பரம் பண்ணக்கூடாதா?

இருங்க, காப்பி கொண்டாறேன். எந்திரிக்காதீங்க, அடுப்படி இந்தா இருக்கு, பேசிக்கிட்டே போடுவேன். சீனி எம்புட்டு? அரையா? சரி.

கேக்குதா? அந்தச் சட்டம் வந்த கதையைச் சொல்றேன். கடையில நிக்கிறவங்களுக்கு உட்கார இடம் குடுக்கணும்னு கவர்மெண்டு சட்டம் போட்டுச்சுல்ல? எங்களுக்கெல்லாம் சந்தோசம்னா சந்தோசம். ஒரு வாரத்துல கடையில ஸ்டூல் போட்டாங்க. எத்தனைன்னு கேளுங்க. கவுண்டருக்கு ஒண்ணு. ஆள் ஆறு பேரு. சூப்பர்வைசர் தங்கப்பாண்டின்னு ஒருத்தர், சட்டையில ஒரு சுருக்கம் இருக்காது, வந்து சொல்றாரு, "ஸ்டூல் இருக்கணும்னுதான் சட்டம். இருக்கட்டும்"னு. சட்டம் என்ன சொல்லுதுன்னு எங்களுக்கு எங்கே தெரியும்? இருந்துச்சு. அது மேல துணிக் கட்டை அடுக்கி வச்சோம். ஒருத்தி ஒருநாள் உட்கார்ந்தா, மறுநாள் அவளை அண்டர்கிரவுண்டுல இருக்கிற கர்ச்சீப் செக்‌ஷனுக்குத் தூக்கிப் போட்டாங்க. அங்கே காத்தும் வராது, ஆளும் வராது. அதுக்கப்புறம் எவ உட்காருவா?

இந்தாங்க. சூடா இருக்கு, பாத்து.

அப்புறம் ஒருநாள் லேபர் ஆபீஸ்ல இருந்து பார்க்க வர்றாங்கன்னு தகவல் வந்துருச்சு. காலையில இருந்தே கடை அல்லோலகல்லோலப்படுது. குடோன்ல இருந்து, வீட்ல இருந்து, எங்கெங்கேயோ இருந்து ஸ்டூலு ஸ்டூலா வந்து இறங்குது. தங்கப்பாண்டி ஓடி ஓடிச் சொல்றாரு, "எல்லாரும் உட்காருங்க, அதிகாரி வர்றப்ப எல்லாரும் உட்கார்ந்து இருக்கணும்"னு. உட்கார்ந்தோம் மேடம். எனக்கா, கை எங்கே வைக்கிறதுன்னே தெரியலை. கவுண்டர் என் நெஞ்சு உயரத்துக்கு வந்துருச்சு. கட்டு எட்டலை. ஒருத்தியைப் பாத்து ஒருத்தி சிரிக்கிறோம்.

அதிகாரி வந்தாரு. நல்ல மனுசன், வெள்ளைச் சட்டை. நேரா எங்க கவுண்டர் பக்கம் வந்து என் முன்னாடி நின்னாரு. அம்புட்டுத்தான். நான் எந்திரிச்சுட்டேன். என்னையறியாம எந்திரிச்சு, "வாங்க சார், என்ன கலர் பாக்குறீங்க?"ன்னுட்டேன். சிரிக்காதீங்க மேடம். சரி, சிரிங்க, யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அந்த மனுசன் சிரிக்கலை. "நீங்க உட்காருங்கம்மா"ன்னாரு. உட்கார்ந்தேன். "எத்தனை வருஷமா வேலை பாக்குறீங்க?"ன்னு கேட்டாரு. பதில் சொல்லணும்னு மறுபடியும் எந்திரிச்சுட்டேன்.

அவரு போனதும் தங்கப்பாண்டி என்னைப் புடிச்சுக்கிட்டாரு. எல்லார் முன்னாடியும். "உன்னைய எவ எந்திரிக்கச் சொன்னா? அறிவில்லை? உட்காருன்னா உட்காரத் தெரியாதா?" இருபத்தாறு வருஷம் உட்காரக்கூடாதுன்னு திட்டுன வாய், அன்னைக்கு நின்னதுக்குத் திட்டுச்சு. எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறுச்சு. கத்தரியைக் கவுண்டர் மேல வச்சேன். டேப்பைக் கழுத்துல இருந்து கழட்டி அது பக்கத்துல வச்சேன். "உட்காரத்தான் போறேன் சார், எங்க வீட்ல"ன்னேன். வந்துட்டேன். எல்லாரும் வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னாளுக. நின்னாளுகன்னா, அவளுகளும் அதுக்குள்ள எந்திரிச்சுட்டாளுக, அது வேற விசயம்.

பி.எஃப். வந்த அன்னைக்கே நாற்காலிக் கடைக்குப் போனேன். பைபாஸ் ரோட்டுல பெரிய ஷோரூமு. ஏசி போட்டு, வரிசையா போட்டு வச்சிருக்கான். இதுல உட்கார்ந்தேன், அதுல உட்கார்ந்தேன், இதுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு பொண்ணு கூடவே நின்னு எல்லாம் சொல்லுச்சு. நீல யூனிபாரம், நெஞ்சுல பேரு குத்தியிருந்துச்சு. அம்புட்டு நாற்காலிக்கு நடுவுல நிக்குது மேடம் அந்தப் பொண்ணு. "ஏம்மா, நீயும் இப்படிப் பக்கத்துல உட்காரேன்"ன்னேன். அது தலையைத் தூக்கி மூலையில இருக்கிற கேமராவைப் பாத்துச்சு. எனக்கு எதுக்கு ஊர் வம்பு? நான் பார்ட்டியா வந்திருக்கேன், பார்ட்டி மாதிரிதான இருக்கணும். அந்தக் கலர் இருக்கா, இந்தக் கலர் இருக்கான்னு ஒருமணி நேரம் அதை நடக்க விட்டுட்டுத்தான் வாங்கினேன். வாங்குறவ நல்லாப் பார்த்துத்தான வாங்கணும்?

வீட்டுக்கு வந்தா, எம் மகன் கேக்குறான், "இதை எங்கம்மா போடுறது?"ன்னு. எங்கே போடுறது, இங்கதான். அவனுக்கு இந்த இடத்துல பீரோ வைக்கணும். மொபைல் சர்வீஸ் கடையில வேலை, நல்ல பயதான், குடி கிடி எதுவும் கிடையாது. ஆனா பீரோ பீரோன்னு உசுரை எடுக்குறான். துணிக்குப் பீரோ வேணும், அவங்க அம்மாவுக்கு நாற்காலி வேணாம். "நீ உட்காரவா செய்யிறே? சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு"ங்கிறான்.

மருமக சபிதா மெடிக்கல் ஷாப்புல இருக்கா. அவளும் நின்னுக்கிட்டுதான். சின்ன வயசு, நிக்கட்டும், நானும் அந்த வயசுல நின்னவதானே. போன வாரம் கோயிலுக்குப் போயிட்டு வந்து பார்க்கிறேன், இதுல சாஞ்சு நல்லாத் தூங்குறா. வாயைத் திறந்துக்கிட்டு, பச்சப்புள்ள மாதிரி. நான் அதட்டலை மேடம். தோளைத் தொட்டு, "எந்திரிம்மா, கவர் கிழிஞ்சிரும்"னு மெதுவாத்தான் சொன்னேன். எங்க கவுண்டர்லயும் அப்படித்தான். ஒரு புதுப் பொண்ணு, வேலைக்குச் சேர்ந்த மூணாம் நாளே வயித்து வலின்னு கட்டுக்குப் பின்னாடி மறைஞ்சு குத்தவச்சிருந்தா. நான் போய் மாட்டிக் குடுக்கலை. "எந்திரி தாயி, பார்ட்டி வருது"ன்னு எழுப்பி மட்டும் விட்டேன். அவ நல்லதுக்குத்தானே? ஆனா இந்தச் சபிதா என்ன சொல்றா தெரியுமா? "நீங்களும் உட்கார மாட்டேங்கிறீங்க அத்தை, மத்தவங்களையும் உட்கார விடமாட்டேங்கிறீங்க"ங்கிறா. வாயைப் பாருங்க! இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எதையும் பக்குவமா வச்சுக்கத் தெரியாது.

என்ன மேடம்? யாருக்கு, உங்க அம்மாவுக்கா வாங்க வந்தீங்க? முழங்கால் தேஞ்சு போச்சா. அடப் பாவமே. டீச்சரா இருந்தாங்களா? டீச்சருக்கு நாற்காலி உண்டுல்ல மேடம், மேசை கூட உண்டு. சரி சரி, வலி யாருக்கு வந்தாலும் வலிதான். ஆனா நான் ஒண்ணு கேக்குறேன், மனசுல வச்சுக்காதீங்க. நீங்க பேங்க்ல பெரிய வேலைன்னு மருமக சொன்னா, கார்ல வந்திருக்கீங்க. உங்களைப் படிக்க வச்ச அம்மாவுக்கு அடுத்தவ வாங்கின நாற்காலியா? புதுசா வாங்கிக் குடுங்க. பைபாஸ் ரோட்டுலதான் இருக்கு அந்தக் கடை. அவங்களையே கூட்டிட்டுப் போங்க. உட்கார்ந்து பார்க்கட்டும், கலரு புடிக்கலைன்னு சொல்லட்டும், வேற காட்டச் சொல்லட்டும். அது அவங்களுக்கு எம்புட்டு சந்தோசமா இருக்கும் தெரியுமா?

கூடப் போட்டுத் தர்றீங்களா? வேணாம். இல்லை மேடம், விலை பேசலை. வேணாம்னா வேணாம்.

புதுசுன்னு நம்பித்தான் வந்தீங்களா? புதுசுன்னு எவன் சொன்னான்? விளம்பரத்துல போட்டிருக்கா? எங்கே, அந்தப் போனைக் காட்டுங்க. எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது, நீங்களே வாசிங்க.

என்ன?

இன்னொருக்கா வாசிங்க.

"புத்தம் புதியது. அம்மாவுக்காக வாங்கியது. ஒரு முறைகூட உட்காரவில்லை."

பொய். பச்சைப் பொய்! ஒரு முறைகூடவா? வந்த அன்னைக்கே உட்கார்ந்தேனே. டெம்போக்காரங்க இறக்கி வச்சுட்டுப் போன உடனே உட்கார்ந்தேன். அவங்க ரசீதுல கையெழுத்து வாங்கணும்னு திரும்பி வந்தாங்க, எந்திரிச்சேன். மறுநாள் மத்தியானம் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு உறைமோர் கேட்டு வந்துச்சு, எந்திரிச்சேன். அப்புறம் கரண்ட் பில் எடுக்கிறவரு. அப்புறம் வைரவன் சாப்பிட வந்தான். பெத்த மகன்தான், அவனுக்கும் எந்திரிச்சேன், என்ன பண்ணச் சொல்றீங்க? ஆள் வந்து முன்னாடி நின்னா என் காலு என்னைக் கேக்கிறதில்லை. அதுவா எந்திரிச்சிருது. யாரும் வராட்டியும் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன், யாரோ வர்ற மாதிரியே இருக்கு. முதுகு சாய மாட்டேங்குது. எதுக்கு இந்த இம்சைன்னு எந்திரிச்சுப் போயி அடுப்படியில நின்னுக்குவேன். அங்கே நிம்மதியா இருக்கும்.

அதுக்காக உட்காரவே இல்லைன்னு எழுதுவானா? ஊரு உலகத்துக்கெல்லாம் எழுதிப் போடுவானா, எங்க அம்மாவுக்கு உட்காரத் தெரியலைன்னு?

நீங்க வந்து எம்புட்டு நேரம் இருக்கும்? ஒருமணி நேரமா? நெசமாவா? அப்ப இந்த ஒருமணி நேரமும் நீங்க உட்கார்ந்திருக்கீங்க, நான் நின்னுக்கிட்டு, துணி இப்படி, கலர் இப்படின்னு... ஆத்தாடி. என் நாற்காலியையே நான் பார்ட்டிக்குக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். என் வீட்ல, என் தரையில.

எந்திரிங்க மேடம்.

கோவிச்சுக்காதீங்க. உங்களை விரட்டலை. எந்திரிச்சு அப்படி, அந்தச் சுவத்துப் பக்கம் நில்லுங்க. அந்த ஸ்டூலை இழுக்காதீங்க, நிக்கணும் நீங்க. கொஞ்ச நேரம்தான். உங்க சேலைக்கும் படிப்புக்கும் இப்படி ஒருத்தி நில்லுன்னு சொல்லக்கூடாதுன்னு தெரியும். ஆனா உங்களை விட்டா எனக்கு இன்னைக்கு வேற ஆள் இல்லை. என் முன்னாடி நல்ல உடுப்போட ஒரு ஆள் நிக்கணும், நான் உட்கார்ந்திருக்கணும்.

இந்தா, உட்கார்ந்துட்டேன்.

காலு உதறுது மேடம், பாத்தீங்களா? எந்திரி, எந்திரி, பார்ட்டி நிக்குதுங்குது. கேவலமா இருக்கு. கண்ணுல தண்ணி வருது, ஏன்னு தெரியலை. நீங்க பேசாம நில்லுங்க, பரவாயில்லைன்னு சொல்லிறாதீங்க, சொன்னா எந்திரிச்சிருவேன். கைப்பிடி எங்கே... இந்தா. ம். காலு மேல போயிருச்சு. இப்ப எந்திரிக்கணும்னாலும் லேசுல முடியாது. அப்படித்தான் வேணும் இதுக்கு.

வண்டிச் சத்தம் கேக்குதா? வைரவன்தான். நாற்காலி போயிருச்சா, காசு வந்துருச்சான்னு பார்க்க வர்றான். வரட்டும். அவன் வந்து இப்படியே பார்க்கட்டும், காலைத் தூக்கி வச்சு. பீரோ வேணும்னா அவன் தலை மேல வச்சுக்கட்டும்.

நீங்க கிளம்புங்க மேடம். காப்பி டம்ளரை அப்படியே ஜன்னல்ல வச்சுட்டுப் போங்க, அம்மாவைக் கேட்டேன்னு சொல்லுங்க. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பலையேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க தாயி. நான் எந்திரிக்கிறதா இல்லை.